பொதுவில் நெய்த மென்பொருள்... கூலி யார் தருவது?

ஆரணிப் பட்டுத் தறியின் தலைக்கு மேலே நூலில் கோத்த அட்டைகள் வளையமாகத் தொங்கும். ஒவ்வோர் அட்டையிலும் வரிசை வரிசையாக ஓட்டைகள். நெசவாளர் மிதியை அழுத்தியதும் ஓர் அட்டை நகர்ந்து வந்து ஜக்கார்டு பெட்டியின் ஊசிகளுக்கு முன்னால் நிற்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதற்குரிய கொக்கி மேலே ஏறும். அந்தக் கொக்கியில் மாட்டிய பாவு இழைகள் எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். கொக்கி கீழேயே நின்றுவிடும். எழும்பிய இழைகளுக்கும் எழும்பாத இழைகளுக்கும் நடுவே நாடா ஓடி ஓர் ஊடையைப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த மிதி, அடுத்த அட்டை, அடுத்த ஊடை. மயிலும் மாங்காயும் அன்னமும் சேலையில் இறங்குவது இப்படித்தான்.

இந்தக் கருவியை 1804-ல் பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக உருவாக்கியவர் ஜோசப் மரீ ஜக்கார்டு. ஒரே ஆளின் மூளையில் உதித்ததில்லை அது. துளையிட்ட காகிதத்தை வைத்துத் தறியை ஓட்டும் முயற்சி 1725-லேயே அந்த ஊரில் தொடங்கிவிட்டது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து, கடைசியில் ஜக்கார்டு கையில் அது முழுமை பெற்றது. பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் கட்ட நினைத்த கணக்கு இயந்திரத்துக்கு இதே அட்டைகளைக் கொண்டு ஆணையிடலாம் என்று திட்டம் போட்டார். அந்த இயந்திரத்துக்கு 1843-ல் குறிப்பு எழுதிய ஏடா லவ்லேஸை உலகம் இன்று முதல் நிரலாளர் என்று கொண்டாடுகிறது. கணினி நிரலின் பூர்வீகம் பட்டுத் தறி.

ஜக்கார்டு கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. 1806-ல் பிரான்ஸ் அந்தத் தறியைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. அதே கையோடு, ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், செய்யப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பங்குத்தொகையும் கிடைக்க ஏற்பாடு செய்தது. ஊர் முழுக்க அதை எடுத்துப் பயன்படுத்தலாம். உருவாக்கியவர் வீட்டிலும் அடுப்பெரியும்.

இருநூறு வருடங்களுக்குப் பிறகு, ஓப்பன் சோர்ஸ் என்று நாம் சொல்லும் கட்டற்ற மென்பொருள் உலகம் இதில் முதல் பாதியைப் பிரமாதமாகச் சாதித்திருக்கிறது. உலகத்தின் செல்போன்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த மென்பொருளின் மீது ஓடுகின்றன. இரண்டாம் பாதியைத்தான் மறந்துவிட்டோம். எழுதியவருக்கும், அதைவிட முக்கியமாக, எழுதியதை வருடக்கணக்கில் கட்டிக்காப்பவருக்கும் கூலி யார் தருவது? தமிழ் மென்பொருள்களின் எதிர்காலமும், ஆரணி போன்ற நெசவு ஊர்களின் எதிர்காலமும் இந்தக் கேள்வியில் வந்து முட்டுகின்றன.

அட்டையிலிருந்து திரைக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர் ஆரணி. அரிசி ஆலைகளுக்கும் பட்டுக்கும் பேர்போனது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றியிருக்கும் ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும்.

ஒரு புதுச் சேலைக்கு முதல் வேலை டிசைன். முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவார்கள். குறுக்கே ஒரு கட்டம் பாவைக் குறிக்கும், நெடுக்கே ஒரு கட்டம் ஊடையைக் குறிக்கும். அந்தத் தாளைப் பார்த்து, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்று உட்கார்ந்து ஓட்டை போட வேண்டும். முந்தி பெரிதானால் அட்டைகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறும். ஓர் ஓட்டை இடம் மாறினாலும் சேலை முழுக்க அதே இடத்தில் அதே தவறு திரும்பத் திரும்ப வரும்.

இப்போது இந்த வேலை கணினிக்கு வந்துவிட்டது. திரையில் பூவைப் போட்டு, எத்தனை கொக்கி, எத்தனை ஊடை என்று சொன்னால், அட்டை அடிக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய கோப்பு தயாராகிவிடும். இதற்கான வணிக மென்பொருள்கள் பெரிய மில்களை மனதில் வைத்து விலை போட்டவை. வீட்டில் ஒற்றைத் தறி வைத்துக் கூலிக்கு நெய்பவர் அவற்றை நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே டிசைன் எப்போதும் முதலாளி கையிலோ, நகரத்து டிசைனர் கையிலோ இருக்கிறது. நெய்பவருக்குத் தன் மனதில் தோன்றிய பூவைத் தன் தறியில் ஏற்ற வழி இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் 'டிஜிபுனாய்' என்ற மென்பொருளை உருவாக்கியது. முன்பு மீடியா லேப் ஆசியா என்ற பெயரில் இயங்கிய நிறுவனம்தான் அது. ஜக்கார்டு, டாபி இரண்டு வகை நெசவுக்கும் திரையிலேயே டிசைன் போட்டு, அதைத் தறிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வுக்கூடம், ஏடாவின் பெயரைத் தாங்கிய 'ஏடாகேட்' என்ற நெசவு மென்பொருளை இதேபோல் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு மென்பொருளில் போட்ட நெசவை இன்னொன்றில் திறப்பதற்கென்று 'விஃப்' என்ற பொது வடிவம் 1997-லேயே வந்துவிட்டது. வெறும் எழுத்துக் கோப்பு அது. யாரும் திறந்து படிக்கலாம்.

ஆக, விதை போட்டாயிற்று. விளைச்சல் வீட்டுக்கு வருமா என்பது வேறு விஷயம்.

மென்பொருள் ஒரு முறை எழுதி முடித்துவிட்டால் தீர்ந்துபோகும் சமாச்சாரம் இல்லை. விண்டோஸ் மாறும். அடியில் இருக்கும் மொழியின் பதிப்பு மாறும். அட்டை அடிக்கும் இயந்திரத்தில் புது மாடல் வரும். அட்டையே இல்லாத எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வரும். அதற்குத் தனிக் கோப்பு வடிவம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரலைத் திறந்து, பார்த்து, திருத்தி, சோதித்து, புதுப் பதிப்பை வெளியிட வேண்டும். இந்த வேலைக்கு விழா கிடையாது, ரிப்பன் வெட்டு கிடையாது. தொடக்கத்துக்கு நிதி ஒதுக்க ஆள் உண்டு. பராமரிப்புக்கு ஒதுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. ஒரு திட்டம் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

அரை நொடியில் தப்பிய உலகம்

பராமரிப்பாளரைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் இரண்டு முறை உதைபட்டுக் கற்றுக்கொண்டது.

முதலாவது, 2014 ஏப்ரல். இணையத்தில் நாம் தட்டும் பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் பூட்டி அனுப்பும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' மென்பொருளில் 'ஹார்ட்ப்ளீட்' என்ற பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது. விசாரித்துப் பார்த்தால், அந்தத் திட்டத்துக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடிக்கணக்கில் புரளும் நிறுவனங்கள் எல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்தின. திரும்பிப் பார்க்கத்தான் மறந்திருந்தன.

இரண்டாவது கதையை நான் இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அதில் ஒரு மனிதரின் களைப்பு இருக்கிறது.

'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருக்கும். அதை வருடக்கணக்கில் காத்துவந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். சம்பளம் கிடையாது. 2022-ல் சிலர், 'ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள்' என்ற ரீதியில் அவரை நெருக்கத் தொடங்கினார்கள். இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும், நீண்டகால மனநலச் சிக்கலால் தன்னால் முன்போல் நேரம் கொடுக்க முடியவில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். அந்தச் சமயத்தில் உதவிக்கு நின்றவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர். பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், நம்பிக்கையைச் சம்பாதித்தார், இணைப் பராமரிப்பாளர் ஆனார். இரண்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்து, 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் ஒரு கள்ளக் கதவைச் செருகினார். அது பரவியிருந்தால் உலகத்தின் எண்ணற்ற சர்வர்களுக்குள் அந்த ஆள் நினைத்தபோது நுழைந்திருக்க முடியும்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, சர்வருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை அலட்சியம் செய்யாமல் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை.

இதைப் பாதுகாப்புச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. தனியாளாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவருக்கு உலகம் தோள் கொடுக்கவில்லை. கொடுக்க வந்த ஒரே தோள் திருடனுடையது. எதிரி குறிபார்த்தது நிரலின் பலவீனத்தை அல்ல, பராமரிப்பாளரின் களைப்பை.

இத்தனைக்கும் இந்த மென்பொருள்கள் தரும் லாபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலக நிறுவனங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸின் மதிப்பு 8.8 லட்சம் கோடி டாலர். அது இல்லாமல் போனால் நிறுவனங்கள் மென்பொருளுக்கு இப்போது செலவழிப்பதைப் போல மூன்றரை மடங்கு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் முடிவு.

தமிழுக்கு உழைத்த இரவுகள்

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். கணினியில் தமிழ் இன்று சர்வசாதாரணம். அது சாதாரணம் ஆனதற்குப் பின்னால் சம்பளம் வாங்காத ஒரு படையே இருக்கிறது.

1998 பொங்கல் சமயத்தில், சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்ட'த்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் நவீன நூல்கள் வரை தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக ஏற்றினார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. எழுத்துரு மாறும்போதெல்லாம் செய்த வேலையையே மறுபடியும் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2000-களில் முகுந்தராஜின் 'இ-கலப்பை' வந்தது. வலைப்பூ எழுதிய ஒரு தலைமுறையே அதில்தான் தட்டச்சு பழகியது. பைத்தான் மொழியில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கையாள, முத்து அண்ணாமலை முதலானோர் 'ஓப்பன்-தமிழ்' நிரல் தொகுப்பை உருவாக்கினார்கள். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதப் பழக்கும் 'எழில்' மொழியும் முத்து அண்ணாமலையுடையதுதான்.

2012 ஜனவரியில் த. சீனிவாசன் முயற்சியில் 'கணியம்' மின்னிதழ் வெளிவரத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். அடுத்த வருடமே இலவசத் தமிழ் மின்னூல்களுக்கு ஒரு தளம் பிறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்குத் தந்தபோது, வருடிய பக்கங்களை எழுத்துகளாக மாற்றி ஏற்றக் கைகொடுத்த கருவிகளில் ஒன்று சீனிவாசன் எழுதிப் பொதுவில் வைத்தது. 2018-ல் கணியம் ஓர் அறக்கட்டளையாகப் பதிவானது.

அந்த அறக்கட்டளையிடம் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. மாத அறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே வைத்துவிடுகிறார்கள். என்ன வந்தது, எதற்குப் போனது என்று தெரிந்தால்தான் அடுத்த மாதம் ஒருவர் நூறு ரூபாய் போடுவார். நன்கொடை கேட்கும் எந்தத் தமிழ் அமைப்பும் முதலில் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குக் காசு வாங்காமல் நிரலாக்கம் சொல்லித் தருகிறது. காஞ்சிபுரத்திலும் அப்படியொரு குழு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இணையவழியில் கூடுகிறார்கள். சென்னைக்கு வெளியே, சிறு ஊர்களில் இது நடப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பெருநகர ஐடி வளாகத்துக்குள் நுழையாத பிள்ளைகளுக்கும் மூலநிரல் கைக்கு வருகிறது.

ஆனால் இந்தக் குழுக்களை உள்ளிருந்து பார்த்தால் ஒரு கசப்பான உண்மை புரியும். வேலை பெரும்பாலும் நாலைந்து பேரின் தோளில்தான் நிற்கும். பகலில் கம்பெனி வேலை. இரவு பிள்ளை தூங்கிய பிறகு தமிழ் வேலை. கல்லூரி மாணவர் ஒருவர் துடிப்பாக வருவார், ஆறு மாதம் உழைப்பார், வேலை கிடைத்ததும் மறைந்துபோவார். அவரைக் குறை சொல்ல முடியாது; வீட்டுக் கடன் இருக்கும், தங்கை திருமணம் இருக்கும். அவர் எழுதிய பகுதியில் பிழை வந்தால் பார்க்க ஆள் இருக்காது. பயனர்களிடமிருந்து 'இன்னும் சரி செய்யவில்லையா?' என்று மட்டும் செய்தி வந்துகொண்டே இருக்கும். நன்றி சொல்லி ஒரு வரி வருவது அபூர்வம்.

மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கினோம் என்ற லினக்ஸ் திரைச்சூழல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு காண்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் புதுப் பொத்தான்கள், புது எச்சரிக்கைகள். ஒருவர் வியர்வை சிந்தி முழுவதையும் தமிழாக்கி வைத்துவிட்டு ஓய்ந்துவிட்டார் என்று வையுங்கள். யாரும் எதையும் கெடுக்காமலே, பதிப்புக்குப் பதிப்பு தமிழின் பங்கு தேய்ந்துகொண்டே போகும். பாதித் திரை தமிழிலும் பாதித் திரை ஆங்கிலத்திலும் நிற்கும். பார்ப்பவர், 'தமிழில் எதுவும் ஒழுங்காக வராது' என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உழைத்தவரின் பல வருடத்து இரவுகளுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கூலி.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் காலம். தமிழ் பேசும் இயந்திரங்கள் தமிழ் கற்பதற்கு விக்கிப்பீடியா போன்ற தன்னார்வலர் சேர்த்த உரைகள்தான் முக்கியமான ஊற்று. அந்த உரைகளை அள்ளிக்கொண்டு போகும் தானியங்கிகளால் சர்வர் செலவும் ஏறுகிறது. விக்கிமீடியா அமைப்பு 2025-ல் சொன்ன கணக்குப்படி, படங்கள், காணொளிகளைத் தரவிறக்குவதால் வரும் இணையச் சுமை 2024 ஜனவரியிலிருந்து 50 சதவிகிதம் கூடியிருக்கிறது. அள்ளுபவர் லாபம் பார்க்கிறார், தண்டம் கட்டுவது தன்னார்வலர்.

பணம் ஏன் வருவதில்லை?

தமிழர்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் இல்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசும் அதில் 10 கோடி ரூபாய் போட்டது. இருக்கைக்குப் பெயர்ப்பலகை உண்டு. பிழை திருத்தும் வேலைக்குப் பலகை வைக்க இடமில்லை. இதுதான் முதல் தடை.

இரண்டாவது தடை சட்டத்தில் இருக்கிறது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட ஒரு தமிழர், தமிழ்நாட்டில் இருக்கும் அறக்கட்டளைக்கு நேரடியாக நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சர்வர் வாடகைக்காக மாதம் சில ஆயிரம் திரட்டும் நாலு இளைஞர்களால் இந்த அலைச்சலைத் தாங்க முடியுமா? இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் இந்தக் கட்டு கிடையாது. பலருக்கு இது தெரிவதே இல்லை.

மூன்றாவது, நம் நிறுவனங்கள். தமிழ்நாட்டில் இயங்கும் மென்பொருள் கம்பெனிகளில் லினக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இல்லாத இடம் எது? அவற்றின் லாபத்தில் ஒரு துளி பராமரிப்பாளர்களுக்குப் போனாலே பல திட்டங்கள் பிழைக்கும்.

வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, தன் தொழிலைக் கட்டற்ற மென்பொருளின் மீதே கட்டியதை ஒப்புக்கொண்டு, 2024 அக்டோபரில் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதியை அறிவித்தது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் திட்டமும் கேட்கலாம். ஜெர்மனி 2022-ல் 'சாவரின் டெக் ஃபண்ட்' தொடங்கி, அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்கென்றே அரசுப் பணத்தைக் கொடுக்கிறது. சாலைக்கும் பாலத்துக்கும் செலவழிப்பதைப் போலவே இதற்கும் செலவழிக்க வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் கேரளம், தன் பள்ளிக் கணினிகளில் சொந்தமாகத் தொகுத்த லினக்ஸை ஓட்டுகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் புதுப் பதிப்பு வழங்கிய 2019-ல், உரிமக் கட்டணத்தில் மட்டும் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலம் சொன்னது. அங்கே ஒரு நிரந்தர அமைப்பு, சம்பளம் வாங்கும் ஆட்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் இருந்ததால்தான் அது நின்றது. தமிழ்நாட்டிலும் 2000-களின் பிற்பாதியில் மாநில அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது, லினக்ஸை அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுவர முனைந்தது. நல்ல தொடக்கம் அது. தொடர்ந்து கட்டிக்காக்கும் அமைப்பு அமையவில்லை. அதிகாரி மாறியதும் வேகம் போய்விட்டது.

ஒரு தனிமனிதரின் வேகத்தில் ஓடும் எந்தத் திட்டமும், அது அரசுடையதானாலும் தன்னார்வலருடையதானாலும், அவர் நகர்ந்ததும் நின்றுவிடும். ஆகவே நான் கேட்பது நிலையான, சிறிய, தவறாமல் வரும் பணம். ஒரு முறை வரும் பத்து லட்சத்தைவிட, மாதாமாதம் வரும் முப்பதாயிரம் ஒரு திட்டத்தை நெடுநாள் உயிரோடு வைத்திருக்கும்.

ஆரணியிடமே பதில் இருக்கிறது

சின்னச் சின்னதாகச் சேர்த்துப் பெரிய பாதுகாப்பு கட்டும் வித்தையைக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். சங்கத்து நெசவாளர் வாங்கும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசாவைத் தன் சேமிப்புக் கணக்கில் போடுகிறார். மாநில அரசு 4 பைசா சேர்க்கிறது. சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். ரூபாய்க்கு எட்டுப் பைசா என்பது சிறு பிடித்தம்தான். வருடங்கள் போனால் பிள்ளையின் படிப்புக்கோ முதுமைக்கோ கைகொடுக்கும்.

மென்பொருளுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து. நெசவாளரிடம் இன்னொரு பைசா கேட்கச் சொல்லவில்லை. அவருக்கு வரும் கூலியே போதவில்லை. கேட்க வேண்டியது சேலையை விற்பவரிடம். பட்டு விற்கும் பெரிய கடைகள், ஏற்றுமதியாளர்கள், கோ-ஆப்டெக்ஸ் போன்ற அமைப்புகள் தங்கள் விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கை நெசவு மென்பொருள் பராமரிப்புக்கு ஒதுக்கட்டும். அரசு தன் பங்கைச் சேர்க்கட்டும். அந்தப் பணத்தில் முழுநேரமாக இரண்டு பேர் போதும். ஒருவர் நிரல் தெரிந்தவர். இன்னொருவர் தறி தெரிந்தவர்.

தறி தெரிந்தவரை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து எழுதும் நிரலாளருக்குப் பனாரஸ் தறி தெரிந்திருக்கலாம். இங்கே கோர்வை போட்டுக் கரையையும் உடலையும் இணைப்பது எப்படி, இந்த ஊர்த் தறியில் எத்தனை கொக்கிப் பெட்டி ஓடுகிறது, முந்தி மாறும் இடத்தில் அட்டையை எப்படி மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. மெனுவில் பாவு, ஊடை, கரை, முந்தி, புட்டா என்று நெசவாளர் வாயில் புழங்கும் சொல் இருந்தால்தான் அவர் மவுஸைத் தொடுவார். இதைச் சொல்லக்கூடிய ஆட்கள் ஆரணியிலும் தேவிகாபுரத்திலும்தான் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளில் பங்களிப்பு என்றால் நிரல் எழுதுவது மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'இந்த இடத்தில் ஊடை ஒன்று தள்ளிப்போகிறது' என்று தறியிலிருந்து வரும் ஒரு குறிப்பு, நூறு வரி நிரலுக்குச் சமம்.

ஆரணிக்குப் பக்கத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் என்ற பெயரில் எங்கோ இருந்து எடுத்துவந்ததை ஒப்பித்துவிட்டுப் போவதற்குப் பதில், பக்கத்துத் தெருத் தறிக்கு வேண்டிய ஒரு திருத்தத்தைச் செய்து, அது பொது மென்பொருளில் சேர்க்கப்பட்டால்தான் மதிப்பெண் என்று துறை ஆசிரியர்கள் விதி வைக்கலாம். செலவே இல்லாத காரியம். மாணவர் வேலை தேடும்போது காட்டுவதற்கு உண்மையான உழைப்பு ஒன்று கையில் இருக்கும். நெசவாளரின் பிள்ளையே அந்த மாணவராக இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலை நம்பியிருப்பதாகச் சொல்கிறது. இவ்வளவு பேருக்கான டிசைன் கருவியை விலை கொடுத்து வாங்கும் நிலையில் அவர்களை விட்டுவைப்பதும், பொதுவில் ஒன்றை ஆக்கிவிட்டுப் பராமரிக்காமல் துருப்பிடிக்க விடுவதும் கடைசியில் ஒன்றுதான்.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். அரசுத் துறைகள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஓப்பன் சோர்ஸைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டுவிட்டது. பயன்படுத்துகிறவற்றைப் பராமரிக்கவும் பட்ஜெட்டில் ஒரு தலைப்பு திறக்க வேண்டும். எழுத்துரு, சொல் திருத்தி, பேச்சு உணரி, நெசவு டிசைன் என்று தமிழுக்கும் தமிழ்நாட்டுத் தொழிலுக்கும் அடிப்படையானவற்றுக்கு, கணக்கை மாதாமாதம் பொதுவில் வைக்கும் நிபந்தனையோடு, மூன்று வருடத்துக்குக் குறையாமல் பணம் கொடுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பெயர் சூட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஏற்கெனவே மூச்சு விட்டுக்கொண்டிருப்பவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. நீங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு தமிழ்க் கருவியை, ஒரு மின்னூல் தளத்தை, ஒரு விசைப்பலகையை இன்று தேர்ந்தெடுங்கள். அதை நடத்துபவர் யார் என்று பாருங்கள். மாதம் நூறு ரூபாய் முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள்: மெய்ப்புப் பாருங்கள், பத்துச் சொற்களைத் தமிழாக்குங்கள், கண்ணில் பட்ட பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால், அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதமாவது எழுதுங்கள்.